சென்னையிலிருந்து டொராண்டோ: தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டு டிக்கெட் எடுப்பது எப்படி?

என் பிரசவத்துக்குத் துணையாக இருக்க அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரிலிருந்து டொராண்டோவுக்கு வர வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். டிக்கெட்டை நானே எடுத்தேன். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று இணையத்தில் தேடினேன். 13,400 கி.மீ., பதினாறு மணி நேரம் என்று வந்தது. அப்பாவிடமும் அதையே சொன்னேன். கடைசியில், அந்த முதல் டிக்கெட்டில் அவர்களால் விமானம் ஏறவே முடியவில்லை. அப்புறம் வேறு டிக்கெட் எடுத்து, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஏறக்குறைய 36 மணி நேரம் பயணம் செய்து வந்து சேர்ந்தார்கள்.

பெற்றோரை அழைக்கிறவர்கள், படிக்கப் போகிற பிள்ளைகள், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் இந்தக் கணக்கில்தான் தடுமாறுகிறார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை, டிக்கெட் எடுக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. தூரத்தை அளந்துவிட்டு, அதை ஓரமாக வையுங்கள்

வீட்டில் குழந்தைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை டொராண்டோவிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் அரபிக் கடல், ஐரோப்பா, அட்லாண்டிக் என்று போகாது. வடக்கே ஏறும். டெல்லிக்குச் சற்று மேற்கே போய், தஜிகிஸ்தான், ரஷ்யாவின் யூரல் பகுதி, நார்வேயின் வடகோடி, கிரீன்லாந்து என்று சுற்றி, கனடாவின் கியூபெக் வழியாக இறங்கும். அதுதான் மிகக் குறுகிய வழி. தேடும்போது வரும் 13,400 கி.மீ. இந்த நூலின் நீளம்தான்.

அந்தக் கோட்டில் சென்னையிலிருந்து நேராகப் பறக்கும் விமானம் கிடையாது. எங்கேயாவது ஒரு ஊரில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். ஆகவே மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து வரும் அந்தப் பதினாறு மணி நேரம் யாருக்கும் வாய்க்காத நேரம். அதை வைத்து ஊரில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு பறத்தலுக்கும் தனித்தனியாகத் தோராயக் கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி சேருங்கள். மேற்கே போகும்போது இன்னும் அரை மணி முதல் ஒரு மணி வரை கூட்டிக்கொள்ளுங்கள். உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது, போகும்போது அது எதிர்க்காற்று. லண்டனிலிருந்து டொராண்டோ போக எட்டு மணி நேரம் ஆகும், திரும்பி வர ஏழு மணி போதும். காரணம் அந்தக் காற்றுதான்.

2. எந்த ஊரில் மாறுவது என்று பாருங்கள்

நான் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் 7,600-ம் 6,350-ம் சேர்ந்து சுமார் 13,950 கி.மீ. லண்டன் வழியாகப் போனால் 8,230-ம் 5,710-ம் சேர்ந்து கிட்டத்தட்ட அதே அளவு. துபாய் வழியாக 2,930-ம் 11,080-ம், மொத்தம் சுமார் 14,000. தோஹா என்றால் 14,150 அளவில் வரும். மேலும் கீழும் பார்த்தால் இருநூறு கி.மீ. வித்தியாசம்தான், பறக்கும் நேரத்தில் கால் மணிகூட இல்லை. ஆகவே இந்த நான்கில் எது ‘கிட்ட’ என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஹாங்காங் பக்கமாகப் போகும் டிக்கெட் மட்டும் 16,000 கி.மீ. தாண்டும். விலை மிகவும் குறைவாக இருந்தாலொழிய வேண்டாம் என்பேன்.

தூரம் ஒன்றாக இருந்தாலும் அது இரண்டாகப் பிரியும் விதம் வேறு. துபாய் வழியில் முதலில் நாலு மணி நேரம், பிறகு ஒரே மூச்சில் பதினான்கு மணி நேரம். ஐரோப்பா வழியில் பத்து, பத்தரை மணியும் எட்டு, எட்டரை மணியும். முழங்கால் வலியுள்ள என் அம்மாவுக்குப் பதினான்கு மணி நேரம் உட்கார்வது முடியாத காரியம். அப்பாவுக்கோ நள்ளிரவில் ஏறினால் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகே இறங்க வேண்டும். இரண்டுக்கும் ஐரோப்பா வழிதான் ஒத்துவந்தது. கைக்குழந்தையோடு வருகிற என் தோழிக்கு நேர்மாறு. முதல் நாலு மணி நேரத்தைச் சமாளித்துவிட்டால் அடுத்த நீண்ட பயணத்தில் குழந்தை தூங்கிவிடும் என்று அவள் வளைகுடா வழியாகத்தான் வருகிறாள்.

டெல்லி வழியும் உண்டு. சென்னை–டெல்லி 1,760, டெல்லி–டொராண்டோ 11,640 கி.மீ. கூட்டினால் நூலின் நீளமே வந்துவிடும். ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. மூடியிருக்கும் காலத்தில் அந்த விமானங்கள் சுற்றித்தான் போக வேண்டும். டெல்லி வழியில் எடுத்தால், பழைய பயண நேரத்தை நம்பாமல் உங்கள் தேதிக்கான நேரத்தைப் பாருங்கள். நடுவில் எங்காவது எரிபொருளுக்கு இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

அமெரிக்க நகரம் வழியாகப் போகும் டிக்கெட் பல நேரம் மலிவாகக் கண்ணில் படும். அமெரிக்க விசா இல்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம். அங்கே விமானம் மாறுவதென்றால்கூட அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அதற்குத் தனி விசா வேண்டும்.

3. மொத்த நேரத்தை நீங்களே கூட்டிப் பாருங்கள்

டிக்கெட்டில் அச்சாகும் நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள்.

ஓர் உதாரணம். ஜூலையில் ஒரு புதன்கிழமை அதிகாலை 1.30-க்குச் சென்னையில் புறப்பாடு, டொராண்டோவில் அதே புதன் மதியம் 3.30-க்கு இறங்குவது என்று டிக்கெட்டில் இருக்கிறது. பார்த்தால் பதினான்கு மணி நேரம். அதோடு ஒன்பதரையைக் கூட்டுங்கள், இருபத்து மூன்றரை. அதுதான் உண்மை. பத்தரை மணி முதல் விமானம், நாலரை மணி காத்திருப்பு, எட்டரை மணி இரண்டாம் விமானம் என்று பிரித்துப் பார்த்தாலும் அதே கணக்கு வரும்.

திரும்பும்போது கழிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு டொராண்டோவில் ஏறினால் சென்னையில் இறங்குவது திங்கள் அதிகாலை 12.30 என்று இருக்கும். முப்பதரை மணி நேரமா என்று பயப்பட வேண்டாம். ஒன்பதரையைக் கழித்தால் இருபத்தொன்றுதான். ஆனால் கூப்பிட வருகிறவர்களுக்கு ‘ஞாயிறு ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்’ என்று சொல்ல வேண்டும். திங்கள் என்று மட்டும் சொன்னால் மறுநாள் ராத்திரி போய் நிற்பார்கள்.

இதோடு வீட்டிலிருந்து வீடு வரை ஆகும் நேரத்தையும் சேருங்கள். தஞ்சாவூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் காரில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்பே உள்ளே போக வேண்டும். டொராண்டோவில் இறங்கி, குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஒன்றரை, இரண்டு மணி நேரம். அங்கிருந்து வீட்டுக்குப் போகும் நேரம் வேறு. இருபத்து மூன்றரை முப்பத்தாறாவது இப்படித்தான்.

4. இடையில் எவ்வளவு நேரம் காத்திருப்பது

இருபத்திரண்டு மணி நேரப் பயணமும் நாற்பது மணி நேரப் பயணமும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தைத்தான் கடக்கின்றன. வித்தியாசம் முழுவதும் மாறும் ஊரில் உட்கார்ந்திருக்கும் நேரம். டிக்கெட் தேடும்போது விலைக்கு அடுத்தபடி நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதல் முறை வருகிறவர்களுக்கு மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை சரியாக இருக்கும். ஒன்றேகால் மணி நேர இடைவெளியையும் விற்கிறார்கள். அதில் முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமானால் போதும், வயதானவர்கள் இன்னொரு பாதுகாப்புச் சோதனை வரிசையைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போய்ச் சேரவே முடியாது. எட்டு மணிக்கு மேல் என்றால் உட்கார்ந்தே கால் வீங்கிவிடும். பதினைந்து, பதினாறு மணி நேரம் என்றால் தங்க அறை தேவைப்படும். அறை விமான நிலையத்துக்கு வெளியே இருந்தால் அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம்.

மார்ச் மாதத்தில் பயணம் என்றால் ஒரு எச்சரிக்கை. டொராண்டோ இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான் மாற்றும், இந்தியாவும் வளைகுடாவும் மாற்றுவதே இல்லை. அந்த இடைப்பட்ட வாரங்களில் விமான நேரங்கள் நகர்த்தப்படும். மூன்று மணி நேரம் என்று நீங்கள் எடுத்தது இரண்டாகக் குறையலாம். முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தால், கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது மறுபடி ஒருமுறை நேரத்தைச் சரிபாருங்கள்.

5. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும்

நான் விழுந்த குழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் இணையதளத்தில் சென்னையிலிருந்து ஓர் ஐரோப்பிய நகரம் வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து டொராண்டோ வரை இன்னொரு நிறுவனம் என்று சேர்த்துக் காட்டியது. இருவருக்கும் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். இடைவெளி நான்கு மணி நேரம், அருமையாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டேன். ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டு பி.என்.ஆர். எண் வந்தபோதும் சந்தேகம் வரவில்லை.

எனக்கு மத்தியானம். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பாவிடமிருந்து போன். “பெட்டியை அந்த ஊர் வரைக்கும்தான் போடுவாங்களாம்மா. அங்க எறங்கி நாங்களே எடுத்துத் திரும்பப் போடணுமாம். அதுக்கு அந்த நாட்டு விசா இருக்கான்னு கேக்குறாங்க.” பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும். அதற்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். அவர்களிடம் கனடா விசா மட்டும்தான் இருந்தது. அனுமதிக்க முடியாது என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. வழியனுப்ப வந்த உறவுக்காரர் பேசிப் பேசிப் பார்க்க, அம்மா எனக்காகக் கிளறிய பிரசவ லேகியம் இருந்த பெட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாராம். அன்று ராத்திரி தாம்பரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். நான்கு நாள் கழித்து முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்தேன். மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு போய்விட்டது.

ஆகவே பணம் கட்டும் முன் மூன்றைப் பாருங்கள். முழுப் பயணத்துக்கும் ஒரே பி.என்.ஆர். தானா? பெட்டி டொராண்டோ வரை நேராகப் போகுமா? இரண்டாம் விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு யாருடையது? ஒரே டிக்கெட்டாக இருந்தால் அந்தப் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் அது உங்கள் தலையில்தான்.

டெல்லி வழியில் தனித்தனியாக எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி. உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. டொராண்டோவுக்கான விமானத்தில் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்று நம்பிக் கட்டிக்கொண்டு வந்தால், சென்னையிலேயே மிச்ச எடைக்கெல்லாம் பணம் கேட்பார்கள்.

6. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

விசா கிடைத்த பிறகு டிக்கெட் எடுங்கள். விண்ணப்பம் எத்தனை நாளில் முடியும் என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கனடா அரசின் குடியேற்றத் துறை இணையதளத்தில் அப்போதைய நிலவரம் இருக்கும். பார்வையாளர் விசாவுக்கு ஒருவருக்கு 100 கனடா டாலர், கைரேகை, புகைப்படப் பதிவுக்கு 85. கைரேகை ஒருமுறை கொடுத்தால் பத்து ஆண்டுக்குச் செல்லும்.

பெற்றோர் நீண்ட நாள் தங்குவதென்றால் ‘சூப்பர் விசா’ பாருங்கள். சாதாரணப் பார்வையாளர் விசாவில் பொதுவாக ஆறு மாதம். சூப்பர் விசாவில் ஒரு வருகைக்கு ஐந்து ஆண்டு வரை தங்கலாம். அதற்கு மருத்துவப் பரிசோதனையும், குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடும், அழைக்கிற மகனோ மகளோ காட்டும் வருமானச் சான்றும் வேண்டும். காப்பீட்டுச் செலவு வயதையும் நோயையும் பொறுத்துக் கூடும், டிக்கெட் விலையோடு அதையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

கனடா விசா இருந்தால் லண்டனிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ வெளியே வராமல் உள்ளேயே விமானம் மாறுவதற்குத் தனி விசா தேவைப்படாது. இருந்தாலும் டிக்கெட் எடுக்கும் அன்று விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், விதிகள் மாறக்கூடியவை.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் பெயர். இன்ஷியலை விரித்துப் போட்டவர்கள், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்கள் ஏராளம். என் அம்மாவுக்கும் காலிதான். அப்படி இருந்தால் கனடா விசாவில் அந்த ஒற்றைப் பெயரே குடும்பப் பெயர் இடத்தில் வரும். டிக்கெட் பதிவில் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. அப்பா பெயரையோ கணவர் பெயரையோ நீங்களாகச் சேர்க்காதீர்கள். ஒற்றைப் பெயரை எப்படிப் பதிவது என்று அந்த நிறுவனத்துக்கே போன் செய்து கேளுங்கள்.

பழைய பாஸ்போர்ட்டில் விசா இருந்து, புதுப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் இரண்டையும் கொண்டுவர வேண்டும். அழைப்புக் கடிதம், காப்பீட்டுத் தாள், போகும் வீட்டு முகவரி, போன் எண், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பெரிய பெட்டிக்குள் போய்விடக் கூடாது.

7. செலவு

விலையை இங்கே எழுதினால் நீங்கள் படிக்கும்போது பொருந்தாது. டிசம்பரிலும் பள்ளி விடுமுறை மாதங்களிலும் ஏறும், பிப்ரவரி போன்ற மாதங்களில் இறங்கும். நான் செய்வது இதுதான்: திரையில் வரும் விலையோடு பெட்டிக் கட்டணம், இருக்கைத் தேர்வு, காத்திருக்கும் ஊரில் இரண்டு வேளைச் சாப்பாடு, தேவைப்பட்டால் அறை வாடகை, தேதி மாற்றினால் எடுக்கும் கட்டணம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுகிறேன். கூட்டிய பிறகு மலிவான டிக்கெட் பல முறை மலிவாக இருப்பதில்லை. பிரசவம், கல்யாணம் என்று வருகிறவர்கள் தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டையே எடுங்கள்.

8. நள்ளிரவு விமானமா? தேதியை மறுபடி படியுங்கள்

சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டியும் அதிகாலையிலும்தான் கிளம்புகின்றன. ‘12-ஆம் தேதி 1.30’ என்றால் 11-ஆம் தேதி இரவு பத்தரைக்கே நீங்கள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். 12-ஆம் தேதி இரவு சாவகாசமாக வந்து நின்று, விமானம் போய்விட்டதே என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். பெற்றோருக்கு டிக்கெட்டை அனுப்பும்போது கீழே தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: “செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் தஞ்சாவூரிலிருந்து கார் கிளம்பும்.” அவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

9. கிளம்பும் முன்

ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்குச் சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். நடக்க முடிந்தவர் என்றாலும், நீண்ட தூரம் நடக்கவோ வரிசையில் நிற்கவோ முடியாது என்றால் கேட்கலாம். கட்டணம் கிடையாது. குறைந்தது 48 மணி நேரம் முன்பு சொல்லி, இரண்டு விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். என் பெற்றோரை மாறும் ஊரில் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசல் வரை கொண்டுபோய் விட்டது அந்த உதவிதான்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் நேர வித்தியாசத்தைச் சொல்லி, எந்த நேரத்தில் எவ்வளவு போடுவது என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுப் பொருள் எது கொண்டுவந்தாலும் டொராண்டோவில் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். பொடி, ஊறுகாய், லேகியம் எல்லாம் சேர்த்துத்தான். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்து வைப்பார்கள். மறைத்தால் அபராதம்.

கூப்பிடப் போகிறவர்கள் டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் 1-ஆம் முனையமா 3-ஆம் முனையமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார் இல்லையென்றால் அங்கிருந்து நகர நடுவிலுள்ள யூனியன் நிலையத்துக்கு யூ.பி. எக்ஸ்பிரஸ் ரயில் இருக்கிறது, 25 நிமிடம். நவம்பரிலிருந்து மார்ச் வரை வருகிறவர்கள் கம்பளிச் சட்டையையும் காலுறையையும் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளட்டும். வாசல் கதவு திறந்ததும் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.